முதலில் தோட்டா, அப்புறம் ரைபிள்

செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், அதாவது ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டைச் சுட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள், வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு ரைபிளின் பெயரோடுதான் வருகிறார்கள். ஏஆர்-15 வாங்கட்டுமா, மினி-14 எப்படி, ஏகே வகை ரொம்ப உறுதியாமே, எஃப்ஏஎல் பார்க்கவே கம்பீரமாக இருக்கிறதே என்று. நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயம். எதைச் சுடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில், தோட்டாவுக்கு மாதாமாதம் எவ்வளவு செலவழிக்க முடியும். இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் கேலிபர், அதாவது தோட்டாவின் அளவு, தானே முடிவாகிவிடும், கேலிபர் முடிவானால் கடையில் மாட்டியிருக்கும் ரைபிள்களில் முக்கால்வாசி கழிந்துவிடும். ரைபிளை ஒரு முறைதான் வாங்குகிறோம், தோட்டாவை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். சில வருடம் ஒழுங்காகச் சுடுகிற ஒருவர் தோட்டாவுக்குக் கொடுத்த பணம் ரைபிளின் விலையைத் தாண்டிவிடும்.

நான் ரேஞ்சில் அட்டையும் இரும்புத் தகடும் சுடுகிறவன். சொந்தமாக வைத்திருந்தவை, நண்பர்கள் கையில் இருந்து வாங்கிச் சுட்டுப் பார்த்தவை, இவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பல நாடுகளில் இந்தத் தேர்வை அரசாங்கமே உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1988ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் முள் அடிக்கும் வகை) செமி ஆட்டோ ரைபிள் தனியாருக்குக் கிடையாது, .22 ரிம்ஃபயர் (அடியின் விளிம்பில் முள் அடிக்கும் சின்னத் தோட்டா) மட்டும்தான். ஆஸ்திரேலியா 1996இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது, நியூசிலாந்து 2019இல். ஐரோப்பாவில் வேட்டைக்கு என்றால் 1979ஆம் வருட பெர்ன் உடன்படிக்கை, இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் போட்ட செமி ஆட்டோவைத் தடைசெய்யப்பட்ட முறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் கேலிபர் பற்றி ராத்திரி முழுக்கப் படிப்பது வீண்.

இதுவரை ரைபிள் வைத்திருக்காதவர் என்றால் .22 லாங் ரைஃபிளில் தொடங்குங்கள், கேட்பவர் முகம் சுருங்கினாலும் இதைத்தான் சொல்வேன். 1887இல் வந்த தோட்டா. 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஈயக் குண்டு, குழல் வாயில் கிளம்பும்போது 170 ஜூல் சொச்சம் ஆற்றல். தோளில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. உதை இல்லாததால்தான் விசையை எப்படி இழுக்கிறோம், மூச்சை எங்கே நிறுத்துகிறோம், சுடுகிற நொடியில் கண்ணை மூடிவிடுகிறோமா என்பதெல்லாம் ஒளிய இடமில்லாமல் அட்டையில் தெரிந்துவிடுகிறது.

இந்த வகையில் நான் அதிகம் சுட்டது ரூகர் 10/22. 1964இலிருந்து வருகிற மாடல். ப்ளோபேக் முறை, அதாவது போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) எதிலும் பூட்டிக்கொள்வதில்லை, அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவைப் பிடித்து வைக்கின்றன, இவ்வளவு சின்னத் தோட்டாவுக்கு அது தாராளமாகப் போதும். பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் கட்டையின் அடியில் துருத்தாமல் உட்கார்ந்துவிடும், அந்த மேகசினைப் போல நம்பகமான ரிம்ஃபயர் மேகசின் நான் பார்க்கவில்லை. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுதான் மற்ற மேகசின்களில் பெரிய தலைவலி, சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவும் தன் பள்ளத்தில் தனியாக இருப்பதால் அந்தப் பேச்சே இல்லை. குறை என்று சொன்னால், கடையில் வருகிற விசை கனம், கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் திறந்து நிற்பதில்லை, ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல்பகுதி) பின்பக்கம் மூடியிருப்பதால் பேரலை, அதாவது குழலை, பின்னாலிருந்து சுத்தம் செய்ய முடியாது, வாய்ப்பக்கமாகத்தான் கம்பியை விட வேண்டும். வாய் விளிம்பு தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: .22 ரைபிள்கள் தோட்டா விஷயத்தில் ரொம்பப் பிடிவாதக்காரர்கள். ஒரே ரைபிள் ஒரு தயாரிப்பில் நெருக்கமாக அடிக்கும், இன்னொன்றில் சிதறும். வேகம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருப்பதைத் தேடிப் போகாதீர்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு 100 மீட்டருக்குள்ளேயே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது, இறங்கும்போது தடுமாறுகிறது. ஆரம்பத்திலிருந்தே ஒலிவேகத்துக்குக் கீழே போகும் சாதாரண வேகத் தோட்டாவில்தான் துல்லியம் அதிகம். ஆனால் ரொம்ப மெதுவான தோட்டா சில செமி ஆட்டோக்களில் போல்ட்டை முழுதாகத் தள்ளாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது நெருக்கமாக அடிக்கிறது, எது மாட்டாமல் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

சரி, சென்டர்ஃபயருக்கு வருவோம். இங்கே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டம் அனுமதித்தால், தூரம் 300 மீட்டருக்குள் என்றால், நிறையச் சுட வேண்டும் என்றால், .223 அல்லது 5.56×45, அதுவும் ஏஆர்-15 வடிவில். இதை ஃபேஷனுக்காகச் சொல்லவில்லை. 55 கிரெய்ன் குண்டு 20 அங்குலப் பேரலிலிருந்து நொடிக்கு 980 மீட்டர் போலக் கிளம்புகிறது, 1,700 ஜூல். உதை, .308இன் உதையில் நாலில் ஒரு பங்கு கூட இருக்காது. 100 தோட்டா ஒன்றேகால் கிலோ. ஒரு நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் சிவக்காது, அதனால் கடைசிப் பெட்டியையும் முதல் பெட்டியைப் போலவே கவனமாகச் சுட முடியும்.

வடிவமைப்பு யூஜீன் ஸ்டோனருடையது. ஆர்மலைட் நிறுவனத்தில் அவர் 7.62 தோட்டாவுக்காகச் செய்த ஏஆர்-10தான் முதலில், அதைச் சுருக்கியதுதான் ஏஆர்-15. 1959இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. தோட்டா வெடிக்கும் வாயுவின் ஒரு பகுதி ஒரு குழாய் வழியாகப் பின்னால் வந்து நேராக போல்ட் கேரியருக்குள் (போல்ட்டைத் தாங்கி ஓடும் பாகம்) நுழைந்து அதைத் தள்ளுகிறது, தனியாகத் தள்ளுதண்டு கிடையாது. அசையும் பாகமெல்லாம் பேரலின் நேர்க்கோட்டிலேயே இருப்பதால் சுடும்போது வாய் மேலே எழும்புவது குறைவு. விலை என்னவென்றால் கரி எல்லாம் போல்ட்டுக்குள்ளேயே வந்து சேரும். இதைப் பெரிய குறையாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, எண்ணெய் காயாமல் இருந்தால் அது கரியோடும் ஓடும், எண்ணெய் வறண்ட போதுதான் முரண்டு பிடிக்கும். சுத்தம் செய்வதைவிட எண்ணெய் போடுவது முக்கியம் என்று இந்த ஒரு ரைபிளைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

.223க்கும் 5.56க்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர்களே சில சமயம் தப்பாகச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தோட்டாவின் வெளி அளவு கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் சேம்பரில், அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையில். குண்டு தோட்டாவின் கூட்டை விட்டுக் கிளம்பிப் பேரலின் புரிகளைத் தொடும் வரை ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, 5.56 சேம்பரில் அது நீளம், .223 சேம்பரில் குட்டை. ராணுவத் தோட்டா அந்த நீள இடைவெளியை நம்பித் தயாரானது. அதை .223 என்று மட்டும் பொறித்த பேரலில் சுட்டால் அழுத்தம் ஏறும், ப்ரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) கழன்று விசைக் குழிக்குள் விழும், அதற்கு மேலும் ஆகலாம். எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை, 5.56 பேரலில் .223 தாராளமாகச் சுடலாம். .223 வைல்ட் என்று பொறித்த சேம்பர் இரண்டையும் ஏற்கும், துல்லியமும் நன்றாக இருக்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது முறுக்கு. பேரலின் மேல் 1:7, 1:8, 1:9 என்று பொறித்திருப்பது, குண்டு எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதைச் சொல்கிறது. எண் சின்னதானால் சுற்று வேகம். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுற்று வேண்டும். கவனிக்க வேண்டியது நீளம், எடை அதோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவே. 1980இல் நேட்டோ 62 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொண்டபோது அதோடு வந்த, ஒளிவிட்டுப் பறக்கும் நீண்ட ட்ரேசர் குண்டுக்காகத்தான் பழைய 1:12 போய் 1:7 வந்தது. நீங்கள் 55 கிரெய்ன் மட்டும் சுடப் போகிறீர்கள் என்றால் 1:9 போதும். 69, 77 கிரெய்ன் போட்டித் தோட்டாக்களைத் தொடப் போகிறீர்கள் என்றால் 1:8 எடுங்கள், அது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒத்துவரும்.

பேரல் நீளம் பற்றியும் கேட்கிறார்கள். 20 அங்குலத்திலிருந்து 16க்கு வந்தால் நொடிக்கு 40 மீட்டர் போல வேகம் குறையும். 200 மீட்டர் ரேஞ்சில் அது ஒன்றும் செய்யாது. வாயுக் குழாயின் நீளம்தான் அதைவிட முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. 16 அங்குலப் பேரலில் 7 அங்குலக் குட்டைக் குழாய் போட்டால் வாயு அதிக அழுத்தத்தோடு சீக்கிரம் வந்து போல்ட்டை அடிக்கும், ரைபிள் படபடவென்று ஓடும், பாகங்கள் சீக்கிரம் தேயும். அதே பேரலில் 9 அங்குல நடுத்தரக் குழாய் இருந்தால் ஓட்டம் எவ்வளவு மென்மையாகிறது என்பதை அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தால் சந்தேகமே வராது. இரண்டு ரைபிள் ஒரே விலையில் இருந்தால் குழாய் நீளமானதை எடுங்கள்.

இந்த வடிவத்தின் உண்மையான எல்லை மேகசின். உள்ளே தோட்டாவுக்குக் கிடைக்கும் நீளம் 57 மில்லிமீட்டர் சொச்சம்தான். வாசல் சின்ன வீட்டுக்குக் கட்டில் வாங்குவது மாதிரி, கட்டில் எவ்வளவு நல்லதானாலும் வாசலில் நுழைய வேண்டும். அமெரிக்காவின் சர்வீஸ் ரைபிள் போட்டிகளில் 600 கஜத்தில் 80 கிரெய்ன் குண்டு போடுகிறவர்கள் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வைத்துச் சுடுவது இதனால்தான், அந்தத் தோட்டா மேகசினுக்குள் அடங்காது. வேகமாகச் சுடும் கட்டங்களுக்கு 77 கிரெய்ன், அது மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில் கிடைக்கிறது.

ஏஆர்-15க்காக வந்த மற்ற கேலிபர்கள் எல்லாம் ஏன் குட்டையும் குண்டுமாக இருக்கின்றன என்பதும் இதிலேயே விளங்கிவிடும். .300 பிளாக்அவுட், 6.8 எஸ்பிசி, 6.5 கிரெண்டல், 2020இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் கொண்டுவந்த 6 மி.மீ. ஏஆர்சி, எல்லாம் அந்த 57 மில்லிமீட்டருக்குள் வேறு வேறு விதத்தில் இடம் பிடிக்கப் பார்த்தவை. இதில் கிரெண்டல் எனக்குப் பிடிக்கும். 123 கிரெய்ன் நீளக் குண்டு காற்றை நன்றாகச் சமாளிக்கிறது, 500 மீட்டருக்கு மேல் .223 காற்றில் தள்ளாடும் இடத்தில் இது அமைதியாகப் போகிறது. ஆனால் தோட்டாவின் அடிவிட்டம் பெரிது, 11 மில்லிமீட்டர், .223இன் அடி 9.6தான், அதனால் போல்ட்டின் முகத்தைக் குடைந்து அகலமாக்க வேண்டியிருக்கிறது, சுவர் மெலிந்துவிடுகிறது. அழுத்தத்தைக் குறைவாக வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். தோட்டாவைச் சொந்தமாக நிரப்பும்போது மருந்தை அதிகமாக நிரப்பிப் பார்க்கிறவர்கள் போல்ட்டை உடைத்துக்கொள்கிறார்கள். தனி போல்ட், தனி மேகசின், கடைகளில் தோட்டா எளிதில் கிடைக்காது. 500 மீட்டர் ரேஞ்ச் பக்கத்தில் இல்லாதவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

.300 பிளாக்அவுட் அதற்கு நேர் எதிர். .223 கூட்டையே வெட்டிக் குட்டையாக்கி .30 குண்டு செருகியது, போல்ட்டும் மேகசினும் .223 உடையதே, பேரலை மட்டும் மாற்றினால் போதும். குட்டைப் பேரலிலும், ஒலிவேகத்துக்குக் கீழே 220 கிரெய்ன் கனக் குண்டு போட்டு சைலன்சரோடு சுடுவதற்கும் நன்றாக அமைந்தது. அந்த வசதிதான் ஆபத்தும். இந்தத் தோட்டா .223 மேகசினுக்குள் போகும், சில குண்டு வடிவங்களில் .223 சேம்பருக்குள்ளும் போல்ட் பூட்டும் அளவுக்குப் போய் உட்கார்ந்துவிடும், விசையை இழுத்தால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. பேரலுக்குள் நுழையப் பார்க்கும், ரைபிள் வெடித்துவிடும். அப்படி வெடித்த ரைபிள்களின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வீட்டில் இரண்டு கேலிபரும் இருந்தால் மேகசின்களின் நிறமே வேறாக இருக்கட்டும், ரேஞ்சுக்கு ஒரு நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். வீட்டில் இன்னொருவரும் சுடுவார் என்றால் இந்தக் கேலிபரே வேண்டாம் என்பேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

7.62×39க்கு வேறு உலகம். 123 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 715 மீட்டர், 2,000 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. 150 மீட்டருக்குள் ஒரு குறையும் இல்லாத தோட்டா, 300 மீட்டரில் அது எவ்வளவு கீழே விழுகிறது என்பது கண்கூடு. கூடு நன்றாகக் கூம்பியிருக்கும், அதனால் சேம்பருக்குள் சுலபமாக நுழையும், சுட்டபின் சுலபமாகக் கழலும், ஏகேயின் நம்பகத்துக்குப் பாதிக் காரணம் இந்தக் கூம்புதான் என்பது என் எண்ணம். மேகசின் அவ்வளவு வளைந்திருப்பதற்கும் அதே காரணம். ஏஆர்-15இன் மேகசின் குழி நேரானது, அதற்குள் இந்த வளைவை நுழைக்க முடியாது, அதனால் இந்தக் கேலிபரில் வரும் ஏஆர்களில் மேகசின் மேலே நேராகவும் கீழே வளைந்தும் இருக்கும், தோட்டா சிக்குவதாகப் புலம்பல் வருவது பெரும்பாலும் அங்கேதான். இந்தத் தோட்டா வேண்டுமென்றால் அதற்காகவே பிறந்த ரைபிளில் வாங்குங்கள்.

அதில் எனக்கு எஸ்கேஎஸ் மேல் தனி மரியாதை. சிமோனோவ் 1945இல் செய்தது, கழற்ற முடியாத பத்துத் தோட்டா மேகசின், மேலிருந்து கிளிப்பால் ஒரே தள்ளில் நிரப்பலாம். 3.85 கிலோ, அந்த எடையால் உதை தோளுக்கு வருவதே தெரியாது. நீண்ட மேகசின் தடைசெய்யப்பட்ட இடங்களில் இதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் கிடங்கிலிருந்து வந்த ரைபிள் என்றால் போல்ட்டுக்குள் ஊறியிருக்கும் பாதுகாப்புக் கிரீஸ் முழுவதையும் எடுத்த பிறகுதான் சுட வேண்டும். சுடுமுள்ளுக்குப் பின்தள்ளும் ஸ்பிரிங் பெரும்பாலானவற்றில் கிடையாது, கிரீஸ் இறுகி முள் முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொண்டால் போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், ஒன்று வெடித்தால் தொடர்ந்து வெடிக்கும். போல்ட்டைக் கையில் எடுத்துக் குலுக்கினால் முள் லொடலொடவென்று ஆட வேண்டும். அப்புறம், பழைய ராணுவத் தோட்டாக்களில் ப்ரைமர் உப்பு விடும், அது ஈரத்தை இழுத்துப் பேரலைத் துருப்பிடிக்க வைக்கும், எண்ணெயால் அந்த உப்பு போகாது. அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். சில ரேஞ்சுகளில் காந்தம் வைத்துப் பார்த்து இரும்பு கலந்த குண்டைத் திருப்பி அனுப்புகிறார்கள், வாங்குவதற்கு முன் உங்கள் ரேஞ்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏகே வகையில் நான் சுட்டவற்றில் தயாரிப்பைப் பொறுத்து ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருந்தது. நல்ல தொழிற்சாலையில் செய்தது 100 மீட்டரில் ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் அடிக்கும், அந்தத் தோட்டாவுக்கு அது போதும். பாகங்களை வாங்கி அவசரமாக ஆணி அடித்துச் சேர்த்தவற்றைத் தொடாதீர்கள். முன் சைட் செங்குத்தாக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மினி-14ஐ நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். 1973இலிருந்து இருக்கிறது, .223, எம்1 காரண்ட் என்ற பழைய ராணுவ ரைபிளின் வகை இயக்கம், மரக்கட்டை. கையில் பிடிக்க இனிமை. பழையவற்றில் பேரல் மெலிது, சூடேறினால் குண்டுகள் விழும் இடம் சிதறிக்கொண்டே போகும். 2005க்குப் பிறகு வந்தவை எவ்வளவோ மேல். மேகசின் அதற்கே தனியானது, விலையும் அதிகம். பிஸ்டல் பிடி வைத்த ரைபிளுக்குத் தடை இருக்கும் இடத்தில் இது நல்ல வழி, தடை இல்லாத இடத்தில் அதே பணத்துக்கு ஏஆர் கூடுதல் துல்லியம் தரும்.

இப்போது .308. 1952இல் வந்தது, 7.62×51 என்ற பெயரில் நேட்டோ தோட்டாவும் ஆயிற்று. 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு 860 மீட்டர், 3,500 ஜூலுக்கு மேல். மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு எந்தக் கேள்வியும் இல்லாத தோட்டா, 600 மீட்டர் அட்டைக்கும் நல்லது. ஆனால் முதல் செமி ஆட்டோவாக .308 வாங்கியவர்களில் பலர் அதை அலமாரியிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கனம், சத்தம், உதை, தோட்டா விலை, நான்கும் சேர்ந்து ஆளை ரேஞ்சுக்கு வரவிடாமல் செய்கின்றன. வந்தாலும் இரண்டாவது பெட்டியில் விசையை இழுக்கும்போதே தோள் முன்னால் போய்த் துப்பாக்கியை எதிர்கொள்ள ஆரம்பிக்கிறது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம்.

வேண்டும் என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்றால் நான்கு வழி இருக்கிறது. எஃப்ஏஎல், பெல்ஜியத்தில் 1950களில் பிறந்தது, 4.3 கிலோ. வாயு எவ்வளவு வேண்டும் என்று முன்னால் ஒரு திருகைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம், தோட்டாவுக்குத் தகுந்த மாதிரி உதையை நாமே குறைக்கலாம், நான் சுட்ட பழைய .308களில் தோளுக்கு மிக இதமானது இதுதான். மேல்மூடி ஆடுவதால் ஸ்கோப் வைப்பது மட்டும் சிரமம். ஜெர்மன் ராணுவத்தின் ஜி3 வகை வாயுவே பயன்படுத்தாது, உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்தும். கரகரவென்று எந்த அழுக்கிலும் ஓடும். ஆனால் இழுத்து ஏற்றுவதற்குக் கைபலம் வேண்டும், விசை கனம், சேம்பரில் இருக்கும் நீளக் கோடுகள் பித்தளைக் கூட்டில் கரிக்கோடாக விழும், கூட்டைத் தூரமாக வீசியும் எறியும். கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அமெரிக்க ராணுவத்தின் எம்14இன் செமி ஆட்டோ வடிவமான எம்1ஏவின் இரும்பு சைட் நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது, விசையும் அருமை. துல்லியத்தை நிலையாக வைத்திருக்க வேண்டுமானால் கட்டையில் சரியாகப் பதித்துப் பராமரிக்க வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1990களில் போட்டிகளில் ஏஆர் வடிவம் எம்14ஐ ஓரங்கட்டியதும் சும்மா இல்லை.

நான்காவது ஏஆர்-10 வகை. துல்லியத்துக்கும் ஸ்கோப்புக்கும் இதுதான். ஏஆர்-15இல் யாருடைய பாகமும் யாருடையதிலும் பொருந்தும் என்று பழகியவர்கள் இங்கே அதை எதிர்பார்க்கக் கூடாது. பெரிய ஏஆருக்கு ராணுவ அளவுகோல் என்று ஒன்று பொதுவாக இருந்ததில்லை, ஆர்மலைட் வகை, டிபிஎம்எஸ் வகை என்று தயாரிப்பாளர்கள் பெயரில் பிரிந்து கிடக்கிறது, பேரல் நட்டு, கைப்பிடி மூடி, சில சமயம் மேகசின் கூட மாறும். என்னிடம் இருந்த ஒன்றுக்கு மாற்றுக் கைப்பிடி மூடி வாங்கியபோது தயாரிப்பாளரின் சொந்தப் பட்டியலே தப்பாக இருந்தது, பொருந்தாததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இழுத்தடித்தார்கள். உதிரிபாகம் வாங்கும் முன் உங்கள் ரிசீவரின் மேல் விளிம்பு எந்த வகை வெட்டு என்று அளந்து பாருங்கள்.

ஏஆர்-10 எடுப்பவர்களிடம் நான் கட்டாயம் சொல்வது 6.5 கிரீட்மூர் பற்றி. ஹார்னடி 2007இல் கொண்டுவந்தது. .308இன் அதே அடிவிட்டம், அதே மேகசின், அதே போல்ட், பேரல் மட்டும் வேறு. 140 கிரெய்ன் குண்டு .308இன் குண்டைவிட ஒல்லியும் நீளமும், காற்றை வெட்டிக்கொண்டு போகிறது, உதையும் குறைவு. 1,000 மீட்டர் தாண்டியும் ஒலியைவிட வேகமாகவே போகிறது, .308இன் 168 கிரெய்ன் போட்டிக் குண்டு அதற்கு முன்பே ஒலிவேகத்துக்கு இறங்கித் தடுமாறிவிடும். பேரல் ஆயுள்தான் விலை, .308இன் பேரல் ஐயாயிரம் தோட்டாவுக்கு மேலும் நன்றாக அடிக்கும், இதில் மூவாயிரம் வாக்கில் குண்டுகள் சிதற ஆரம்பிக்கும். 600 மீட்டருக்கு மேல் சுட இடம் இருந்தால் இது, இல்லாவிட்டால் .308. வேட்டைத் தோட்டா சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்க வேண்டும் என்றாலும் .308.

எம்1 காரண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது, .30-06, எட்டுத் தோட்டா கிளிப். சுடுவதற்கு இவ்வளவு மகிழ்ச்சி தரும் ரைபிள் குறைவு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் கனமான வேட்டைத் தோட்டாக்களை மட்டும் அதில் போடாதீர்கள், மெதுவாக எரியும் மருந்தின் அழுத்தம் வாயுத் துளையில் அதிகமாகி இயக்கத்தண்டை வளைத்துவிடும். காரண்டுக்கு என்றே குறிப்பிட்டு விற்கும் தோட்டா இருக்கிறது.

வேட்டை மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த ராணுவ வடிவங்கள் எதுவும் தேவையில்லை. ப்ரௌனிங் பிஏஆர் 1967இலிருந்து வருகிறது, .308, .30-06 தொடங்கி மேக்னம் கேலிபர்கள் வரை. மேக்னம் உதையை வாயு இயக்கம் எவ்வளவு மென்மையாக்குகிறது என்பதை அதே கேலிபரில் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனோடு சுட்டுப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஓடுகிற பன்றிக்கு இரண்டாவது தோட்டாவைக் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே சுடலாம். உள்பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் தொந்தரவு, ஏஆர் மாதிரி இரண்டு ஊசியைத் தள்ளித் திறக்க முடியாது. மழையில் நனைந்து வந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், அது புத்திசாலித்தனம்தான்.

துல்லியம் பற்றிக் கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குள் அடிக்கும் என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள், அதில் மூன்று ஓட்டைதான் இருக்கும். மூன்று குண்டு எந்த ரைபிளிலும் எப்போதாவது ஒன்றாகப் போய் விழும். பத்துக் குண்டை ஒரே அட்டையில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏஆரில் பத்துக் குண்டும் நாலு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் நல்ல பேரல், தயங்காமல் எடுங்கள்.

பழையது வாங்கும்போது என்ன பார்ப்பது என்றும் கேட்கிறார்கள். ஏஆரில் போல்ட்டின் பற்களின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், கேரியரின் மேல் இருக்கும், வாயுக் குழாய் வந்து சேரும் வாயுச் சாவியின் இரண்டு திருகும் ஆடாமல் உலோகம் குத்தி இறுக்கப்பட்டிருக்க வேண்டும், அது ஆடினால் வாயு கசிந்து ரைபிள் பாதியில் நிற்கும். ஜி3 வகையில் சேம்பர் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, விசையைத் தட்டி, போல்ட்டுக்கும் கேரியருக்கும் நடுவில் அளவுத் தகடு விட்டுப் பாருங்கள், 0.1 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கலாம். 0.1க்குக் கீழே வந்திருந்தால் உருளைகளை மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். அளக்க விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.